பாட்டில் குடிச்ச மருந்து

கண்ணாடி பாட்டில் மருந்து குடிக்கும்னு சொன்னா நம்புவீங்களா? மூடி இறுக்கமா இருக்கு. ஒரு சொட்டு சிந்தல, ஆவியாகல, காலாவதி தேதியும் தாண்டல. ஆனா உள்ளே இருந்த மருந்துல ஒரு பங்கு காணோம். திருடன் வேற யாரும் இல்ல, பாட்டிலேதான்.

விளையாட்டுக்குச் சொல்லலை. ஒரு காலத்துல உலகம் முழுக்க டாக்டர்கள் தலையைச் சொறிஞ்ச சமாச்சாரம் இது. இதைச் சரி பண்ணாம விட்டிருந்தா, நம்ம ஆவடி, பூந்தமல்லிக்கு மேற்கே திருவள்ளூர் பக்கத்து கிராமங்கள்ல நடந்த ஒரு மாபெரும் ஆராய்ச்சியோட முடிவை இன்னிக்கு யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. அந்த ஆராய்ச்சியைப் பத்தி நம்ம ஊர்லயே நிறைய பேருக்குத் தெரியாது. பதிவு கொஞ்சம் நீளம்தான், டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

மருந்தோட பேரு டியூபர்குலின். சின்ன வயசுல முன்னங்கைல ஊசி போட்டு, பேனாவால வட்டம் வரைஞ்சு, "மூணு நாள் கழிச்சு வா, சொறியாதே"ன்னு அனுப்புவாங்களே, அதுதான். மூணாம் நாள் அந்த இடத்துல தடிப்பு வந்தா ஸ்கேல் வச்சு அளப்பாங்க. தடிப்பு பெருசா இருந்தா டிபி கிருமி உடம்புக்குள்ள எப்பவோ வந்து போயிருக்கு, இல்ல உள்ளேயே தூங்குதுன்னு அர்த்தம். மாந்தூ பரிசோதனைன்னு பேரு. 1908ல இந்த முறையைச் சொன்ன சார்ல் மாந்தூங்கற பிரெஞ்சு டாக்டரோட பேர்தான் அது.

டியூபர்குலினைக் கண்டுபிடிச்சது ராபர்ட் கோக். 1882ல டிபி கிருமியைக் கண்டுபிடிச்ச அதே ஆளு. 1890ல பெர்லின்ல இதை டிபிக்கு மருந்துன்னே அறிவிச்சார். ஐரோப்பா முழுக்க நோயாளிங்க ரயில் ஏறி ஓடினாங்க. (ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதின கோனன் டாயிலும் ஓடினார், அவர் டாக்டராச்சே. போய்ப் பாத்துட்டு, அவ்வளவு சீக்கிரம் நம்பிடாதீங்கன்னு எழுதினார்.) மருந்தா அது தோத்துப் போச்சு. நோய் குணமாகல, சில பேருக்கு மோசமாவும் ஆச்சு. ஆனா கிருமி நுழைஞ்ச உடம்பு மட்டும் இதுக்குச் சிவந்து தடிக்குதுங்கற விஷயம் மிஞ்சிச்சு. மருந்தா வந்தது சோதனையா பொழைச்சுக்கிச்சு.

கோக் காலத்து டியூபர்குலின்ங்கறது கிட்டத்தட்ட ஒரு ரசம். கிருமியைச் சூப்புல வளர்த்து, கொதிக்க வச்சுக் கொன்னு, வத்த வச்சு, வடிகட்டினது. அதுல கிருமியோட சரக்கு எவ்வளவு, சூப்போட சரக்கு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு ஊர் ரசம் காரம், இன்னொரு ஊர் ரசம் சப்புன்னு இருக்கும். இந்த ஊர்ல 10 மில்லிமீட்டர் தடிப்புன்னா அந்த ஊர் மருந்துக்கு எவ்வளவு? ஒப்பிடவே வழியில்ல.

இதைச் சரிபண்ணினவங்க ஃப்ளாரன்ஸ் சீபெர்ட்ங்கற அமெரிக்க அம்மா. மூணு வயசுல போலியோ வந்து, கால்ல பிரேஸ் போட்டுக்கிட்டே வாழ்ந்தவங்க. ஊசி போட்டா ஏன் சும்மா சும்மா காய்ச்சல் வருதுங்கற பழைய மர்மத்தை 1920கள்ல அவிழ்த்ததும் இவங்கதான். காய்ச்சி வடிச்ச தண்ணின்னு நம்பி ஊசில கலந்த தண்ணில, செத்த பாக்டீரியாவோட சரக்கு ஒட்டிக்கிட்டு வந்திருந்தது. அது வராதபடி வடிக்கற கருவியையும் இவங்களே செஞ்சாங்க. இன்னிக்கு ஆஸ்பத்திரில சலைன் ஏத்தும்போது குளிர்க்காய்ச்சல் வராம இருக்கறதுக்கு இந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அப்புறம் டியூபர்குலின் பக்கம் வந்தாங்க. சூப்பை ஒதுக்கிட்டு, கிருமியோட புரதச் சரக்கை மட்டும் பிரிச்சு வெள்ளைப் பொடியா எடுத்தாங்க. 1934ல அதுக்கு பி.பி.டி.ன்னு பேரு வச்சாங்க, தூய்மையாக்கின புரத வழிப்பொருள்னு அர்த்தம். "வழிப்பொருள்"ங்கற வார்த்தை முக்கியம். கொதிக்க வச்சதுல புரதம் எல்லாம் உடைஞ்சு சின்னச் சின்னத் துண்டாயிடுது. அமினோ அமிலங்கள்ங்கற மணியைக் கோத்த சரம்தான் புரதம். சரம் குட்டையா இருந்தா பெப்டைடு. பி.பி.டி.ங்கறது சின்னப் புரதமும் பெப்டைடும் கலந்த ஒரு கதம்பம். (பெப்டைடு மெட்ராஸுக்கு அந்நியம் இல்ல. அந்தச் சரம் எப்படியெல்லாம் மடங்க முடியும், எப்படி முடியாதுன்னு 1963ல வரைபடம் போட்டது மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட ஜி.என்.ராமச்சந்திரனும் அவரோட கூட்டாளிகளும்தான். அதுக்குத் தனிப்பதிவே போடணும்.)

1940 வாக்குல சீபெர்ட் அம்மா ஒரே தொகுதியா 100 கிராம் சொச்சம் பொடி தயார் பண்ணினாங்க. பி.பி.டி.-எஸ்னு பேரு. எஸ்னா ஸ்டாண்டர்ட், தராசுல வைக்கற படிக்கல் மாதிரி. 1952ல உலக சுகாதார நிறுவனம் அதையே உலகத்துக்கே படிக்கல்லா ஏத்துக்கிச்சு. 100 கிராம்தானான்னு நினைக்காதீங்க. ஒரு ஆளுக்குப் போடற வழக்கமான அளவு 0.1 மைக்ரோகிராம். கணக்குப் போட்டா 100 கோடி பேருக்கு வரும்!

இங்கதான் பாட்டில் உள்ளே வருது.

பொடியா இருந்த வரைக்கும் பி.பி.டி. சமத்துப் பிள்ளை. தண்ணில கரைச்சு, நீர்க்க வச்சு, பாட்டில்ல ஊத்தினதும் வீரியம் குறைய ஆரம்பிச்சது. ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு மில்லில 1 மைக்ரோகிராம் வீதம் 10 மில்லி பாட்டில்ல மொத்தம் 10 மைக்ரோகிராம் சரக்கு. தூள் உப்புல ஒரே ஒரு பரலை எடுத்தீங்கன்னா அதோட எடையே இதைவிடப் பல மடங்கு. இப்ப பாட்டிலோட உள்பக்கச் சுவரைப் பாருங்க, ஏறக்குறைய 25 சதுர சென்டிமீட்டர் இருக்கும். புரதத்துக்குக் கண்ணாடி மேல ஒட்டற குணம் உண்டு. ஒரே ஒரு அடுக்கு படிஞ்சாலே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1லேர்ந்து 0.2 மைக்ரோகிராம் வரைக்கும் இடம் இருக்கு. பெருக்கிப் பாருங்க. பாட்டில்ல இருக்கற மருந்துல கால் பங்குலேர்ந்து பாதி வரைக்கும் சுவருக்கே சாப்பாடு.

அதுலயும் ஒரு வேடிக்கை. கோக் காலத்து அழுக்கு ரசத்துல இந்தத் தொல்லை இவ்வளவு இல்ல. அதுல கெடந்த சூப்புச் சரக்கு முந்திக்கிட்டுப் போய் சுவர்ல எடம் பிடிச்சுக்கும். பஸ்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கற மாதிரி. அதனால மருந்து தப்பிச்சது. சீபெர்ட் அம்மா சுத்தம் பண்ணப் பண்ண, துண்டு போட ஆளில்லாம மருந்தே போய் சீட்ல உக்காந்துக்கிச்சு. சுத்தமா இருந்ததுக்கு தண்டனை!

இதுல பயம் என்னன்னா, பாட்டிலைப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. நிறம் மாறாது, கலங்காது, நாத்தம் இல்ல. நர்ஸம்மா சரியா ஊசி போடுவாங்க, மூணாம் நாள் சரியா அளப்பாங்க, கார்டுல சரியா எழுதுவாங்க. எல்லாமே சரி, விடை மட்டும் தப்பு. கிருமி உள்ள இருக்கற ஆளை "உனக்கு ஒண்ணுமில்ல, போ"ன்னு அனுப்பியிருப்பாங்க.

இன்னொரு கூத்தும் உண்டு. குடிச்ச கண்ணாடி கக்கவும் செய்யும். அப்ப எல்லாம் கண்ணாடி சிரிஞ்சுதான், கழுவி, கொதிக்க வச்சுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தறது. டியூபர்குலின் ஏத்தின சிரிஞ்சை எவ்வளவு கழுவினாலும் சுவத்துல கொஞ்சம் ஒட்டியே இருக்கும். அதே சிரிஞ்சுல வேற ஊசி போட்டா அந்தக் கைலயும் டியூபர்குலின் தடிப்பு வரலாம். அதனாலதான் டியூபர்குலினுக்குன்னு தனி சிரிஞ்ச், அதை வேற எதுக்கும் தொடக்கூடாதுன்னு கறாரான விதி வச்சிருந்தாங்க. நம்ம வீட்ல முட்டைக்குன்னு தனிப் பாத்திரம் வைக்கற மாதிரி.

தீர்வு கோபன்ஹேகன்லேர்ந்து வந்தது. அங்க ஸ்டாட்டன்ஸ் சீரம் இன்ஸ்டிட்யூட்னு டென்மார்க் அரசாங்கத்தோட நிறுவனம். சீபெர்ட் வழிலயே அவங்களும் 1950கள்ல ஒரு பெரிய தொகுதி தயாரிச்சாங்க, பேரு ஆர்.டி. 23. எதுல கரைச்சா ஒட்டாம நிக்கும்னு தேடினதுல கிடைச்சது ட்வீன் 80ங்கற ஒரு வழவழப்புத் திரவம். ஒரு வகையில சோப்புக்குச் சொந்தக்காரன். லட்சத்துல அஞ்சு பங்கு கலந்தாலே போதும், அது முந்திப் போய் சுவத்துல படிஞ்சுக்கும், மருந்து தண்ணிலயே நிக்கும். அழுக்கு ரசம் தானா செஞ்சுக்கிட்டிருந்த துண்டு போடற வேலையை இப்ப தெரிஞ்சே ஒரு ஆளை வச்சுச் செய்யறாங்க. 1958ல உலக சுகாதார நிறுவனத்தோட பத்திரிகைல மாக்னுசன், குல்ட், மாக்னுஸ், வாலர்னு நாலு பேர் இதை விலாவாரியா எழுதினாங்க. இந்த வாலர் பின்னால பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்தோட வேலைகள்லயும் சேர்ந்தவர்.

ட்வீன் கலந்ததும் மருந்தோட முழு வீரியமும் கைக்கு வந்துடுச்சு. பழைய அளவு அப்படியே போட்டா தடிப்பு பெருசா வரும், அதனால அளவைக் குறைக்க வேண்டி வந்தது. அதாவது அத்தனை வருஷமும் நாம போட்டதா நினைச்ச அளவு வேற, உள்ளே போனது வேற! இந்தியால நடந்த கணக்கெடுப்புகள்ல ட்வீன் 80 கலந்த ஆர்.டி. 23, ஒரு யூனிட்டுன்னு வழக்கமாச்சு. ஒரு யூனிட்னா 0.02 மைக்ரோகிராம், தெரிஞ்சுக்கோங்க.

இப்ப நம்ம ஊர். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்துல 1948ல பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் ஆரம்பிச்சாங்க. டிபி கிருமியோட பலவீனமான உறவுக்காரனை உயிரோட உடம்புல விட்டு எதிர்ப்பை வளக்கறதுதான் பி.சி.ஜி. 1951லேர்ந்து நாடு முழுக்க பெரிய அளவுல போட ஆரம்பிச்சாங்க. மெட்ராஸ்ல எதிர்ப்பும் பலமா இருந்தது. ராஜாஜியே 1955ல எதிர்த்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அவர் சொன்ன மருத்துவக் காரணங்கள்ல பலது எனக்கு ஒப்புதல் இல்ல. ஆனா "இது நம்ம ஜனங்ககிட்ட வேலை செய்யுதுன்னு எங்க நிரூபிச்சீங்க?"ன்னு யாராவது கேட்டிருந்தா, அன்னிக்கு அரசாங்கத்துகிட்ட நேரான பதில் இல்ல. பிரிட்டன்ல நல்ல பலன், அமெரிக்காவுல சில இடத்துல பலனே இல்லைன்னு ஆளுக்கொரு விடை. நம்ம ஊர்ல? போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

போட்டுப் பாத்தாங்க. 1968 ஜூலைல, அன்னிய செங்கல்பட்டு மாவட்டத்துல திருவள்ளூரையும் சுத்தியிருக்கற 209 கிராமங்களையும் எடுத்துக்கிட்டாங்க. (1997ல மாவட்டம் பிரிஞ்சப்புறம் இது திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், புட்லூர்னு நம்ம லோக்கல் ட்ரெயின் போய் நிக்கற அதே திருவள்ளூர்தான்.) நடத்தினது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், கூட உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க பொதுச் சுகாதாரத் துறையும். பதிவு பண்ணினவங்க 3,66,625 பேர். அதுல ஊசி போட்டுக்கிட்டவங்க 2,81,161 பேர். பிறந்து ஒரு மாசம் தாண்டின குழந்தைலேர்ந்து கிழவன் கிழவி வரைக்கும். மூணு கூட்டமாப் பிரிச்சு சிலருக்கு பி.சி.ஜி. அதிக அளவு, சிலருக்குக் குறைஞ்ச அளவு, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எதுன்னு போட்டவங்களுக்கும் தெரியாது, போட்டுக்கிட்டவங்களுக்கும் தெரியாது.

தடுப்பூசி போடறப்பவே எல்லார் கைலயும் ரெண்டு விதமான டியூபர்குலினும் போட்டாங்க. ஒண்ணு பி.பி.டி.-எஸ், மூணு யூனிட். இன்னொண்ணு பி.பி.டி.-பி, மண்ணுலயும் தண்ணிலயும் வாழற டிபி மாதிரியான கிருமிகளோட சரக்கு. இந்த ரெண்டாவதுக்கு வளர்ந்தவங்கள்ல அநேகமா எல்லாருக்குமே தடிப்பு வந்தது. நம்ம ஏரித் தண்ணியும் வயக்காட்டு மண்ணும் பழக்கி வச்ச உடம்புங்க. பி.பி.டி.-எஸ்ஸுக்கு 7 மில்லிமீட்டர் வரைக்கும் வந்தா கிருமி நுழையாத ஆளு, 12ஓ அதுக்கு மேலயோ வந்தா நுழைஞ்ச ஆளு. நடுவுல நாலு மில்லிமீட்டர் சந்தேகக் கேஸ். ஒரு மனுஷன் எந்தக் கட்டத்துல வருவான்ங்கறதை முடிவு பண்றது ஒரு அரிசி நீளம்கூட இல்லாத வித்தியாசம்! மருந்து வீரியம் குறைஞ்சிருந்தா 12 எல்லாம் 7 ஆயிடும். கட்டமே மாறிடும்.

அப்புறம் ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பக் கிராமம் கிராமமாப் போய் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. ஏழரை வருஷக் கணக்கு 1979ல வெளியாச்சு.

விடை: பூஜ்யம்.

பெரியவங்களுக்கு வர்ற, சளில கிருமி வர்ற நுரையீரல் டிபியை பி.சி.ஜி. தடுக்கல. போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் நோய் ஒரே மாதிரி வந்தது. உலகத்துலயே இதைவிடப் பெரிய பி.சி.ஜி. சோதனை நடந்ததில்ல. அதுல பூஜ்யம் வந்தா சும்மா விடுவாங்களா? எல்லார் வாய்லயும் வந்த முதல் கேள்வி என்னவா இருக்கும்னு நினைக்கறீங்க? "அந்த வெயில்ல தடுப்பூசி செத்துப் போயிருக்கும்யா!" நியாயமான கேள்விதான். பி.சி.ஜி. உயிருள்ள சரக்கு. வெயிலும் வெளிச்சமும் அதுக்கு எமன். மே மாசம் திருவள்ளூர்ல வெயில் 40 டிகிரி தாண்டும். செத்த ஊசியைப் போட்டுட்டு "ஊசி வேலை செய்யல"ன்னு சொன்னா யாரு நம்புவா?

இதுக்கு சாட்சி சொல்ல வந்தது நம்ம டியூபர்குலின்தான். பி.சி.ஜி. உயிரோட உள்ள போயிருந்தா, சில வாரத்துல அந்த உடம்பு டியூபர்குலினுக்குத் தடிக்கணும். ரெண்டரை மாசம் கழிச்சுச் சோதிச்சுப் பாத்திருந்தாங்க. தடிப்பு ரொம்பத் திருப்தியா வந்திருந்தது. ஆக, ஊசி உயிரோடதான் போச்சு, உடம்பும் அதை வாங்கிக்கிச்சு, அப்படியும் நோயைத் தடுக்கல. ரெண்டரை வருஷம் கழிச்சுப் பாத்தப்ப அந்தத் தடிப்பு வெகுவா இறங்கிப் போயிருந்தது, அதுவும் தனியா யோசிக்க வச்ச விஷயம்.

என் பார்வைல இந்தக் கதையோட முடிச்சே இங்கதான் இருக்கு. "ரெண்டரை மாசத்துல நல்லா வந்தது, ரெண்டரை வருஷத்துல இறங்கிடுச்சு"ன்னு சொல்லணும்னா, ரெண்டு தடவையும் சிரிஞ்சுல இருந்த டியூபர்குலின் ஒரே வீரியத்துல இருந்திருக்கணும். பாட்டில் குடிச்ச சரக்கை வச்சு அளந்திருந்தா, இறங்கினது மனுஷ உடம்போட எதிர்ப்பா, பாட்டிலோட வீரியமான்னு எப்படிப் பிரிப்பீங்க? பேசவே முடியாது. அளவுகோலே ரப்பரா இருந்தா துணியைக் குத்தம் சொல்ல முடியுமா? மூணு கூட்டத்துக்கும் சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி ஊசி போட்டதால, டியூபர்குலின் பலவீனமா இருந்தாலும் மூணையும் ஒரே மாதிரிதான் பாதிச்சிருக்கும்னு ஒருத்தர் வாதாடலாம். உண்மைதான், பூஜ்யம் பூஜ்யமாவே இருந்திருக்கும். ஆனா "கிருமி நுழையாதவங்க"ன்னு தனியாப் பிரிச்சுப் பாத்த கணக்கும், தடுப்பூசி உயிரோட இருந்ததுங்கற சாட்சியும் காத்துல போயிருக்கும்.

1999ல பதினஞ்சு வருஷக் கணக்கும் வந்துச்சு. பெரியவங்க டிபியைத் தடுக்கலைங்கற முடிவு மாறல. குழந்தைங்க விஷயத்துல மட்டும் கொஞ்சம் பலன் தெரிஞ்சது. ஏன் இப்படின்னு இன்னிக்கும் அடிச்சுக்கறாங்க. மண்ணுக் கிருமிங்க ஏற்கனவே ஒரு எதிர்ப்பைக் குடுத்துட்டதால பி.சி.ஜி. புதுசா சேர்க்க ஒண்ணுமில்லன்னு ஒரு கட்சி, தென்னிந்திய டிபி கிருமியே வேற ரகம்னு இன்னொரு கட்சி. பி.பி.டி.-பிக்கு அத்தனை கை தடிச்சதைப் பாக்கும்போது எனக்கு முதல் கட்சி மேலதான் சாய்வு. மூளைக்காய்ச்சல் மாதிரி குழந்தைகளுக்கு வர்ற கொடிய டிபியைத் தடுக்கும்ங்கறதால பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடறது மட்டும் தொடருது. அது சரியான முடிவுதான். ஆனா பெரியவங்களைக் காக்க இது போதாதுன்னு உலகம் வேற தடுப்பூசி தேடறதுல, கை நீட்டின அந்த 2,81,161 பேருக்கும் பெரிய பங்கு இருக்கு. திருவள்ளூர்ல அவங்களுக்கு ஒரு சிலை வைக்கலாம், சும்மா கிடக்கற ரவுண்டானா நிறைய இருக்கு :-)

கிண்டி ஆய்வகத்தோட கதையையும் ரெண்டு வரில சொல்லிடறேன். 2008 ஜனவரில, தயாரிப்புத் தரம் போதலைன்னு கசௌலி, குன்னூர், கிண்டி மூணு அரசு ஆய்வகங்களோட உரிமத்தையும் நிறுத்தினாங்க. பெரிய சர்ச்சையாச்சு. 2010ல திரும்பக் குடுத்தாங்க. தரம் வேணும்ங்கறதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா பழுது பாக்கறதுக்குக் கடையையே சாத்தினது எந்த ஊர் நியாயம்னு எனக்கு இன்னும் புரியல.

டியூபர்குலின் இப்ப ஓய்வு பெறப் போற வயசுல இருக்கு. அதோட பெரிய குறை, பி.சி.ஜி. போட்டவங்களுக்கும் தடிக்கும், மண்ணுக் கிருமிக்கும் கொஞ்சம் தடிக்கும். கதம்பமாச்சே, எந்தப் பூவோட வாசனைன்னு எப்படிச் சொல்றது? அதனால இப்ப கதம்பத்தை விட்டுட்டு ரெண்டே பூவை எடுத்துக்கிட்டாங்க. ஈசாட்-6, சி.எஃப்.பி.-10னு ரெண்டு குட்டிப் புரதம். ஒண்ணுல 95 மணி, இன்னொண்ணுல 100 மணி. டிபி கிருமில உண்டு, பி.சி.ஜி.ல கிடையாது. ரத்தத்தை எடுத்துக் குழாய்ல சோதிக்கற முறைல இந்தப் புரதங்களோட துண்டுகளை, அதாவது ஆய்வகத்துல கோத்த பெப்டைடுகளைப் போடறாங்க. தோல்ல போடற மாதிரி இந்த ரெண்டு புரதத்தையும் வச்சுச் செஞ்ச சை-டிபிங்கற ஊசிக்கு 2022ல இந்தியால அனுமதி கிடைச்சது. ஒரு ஆளுக்கு அளவு எவ்வளவு தெரியுமா? 0.1 மைக்ரோகிராம். பி.பி.டி.-எஸ்ஸோட அதே பழைய கணக்கு. பாட்டிலோட பசியும் அதே பசிதான்.

பெப்டைடு வச்சு வேலை பாக்கற ஆய்வகங்கள்ல இன்னிக்குச் சொல்லிக் குடுக்கற பாடம் எல்லாம் இந்தப் பழைய பாட்டில்லேர்ந்து அப்படியே எடுத்து வச்ச மாதிரி இருக்கும். பொடியா இருக்கறவரைக்கும் மைனஸ் 20 டிகிரில, ஈரம் படாம, இருட்டுல வை. கரைக்கணும்னா கெட்டியாக் கரைச்சு வை; நீர்க்க வைக்கறதைக் கடைசி நிமிஷத்துக்குத் தள்ளிப் போடு. காரணம் மேலே போட்ட அதே கணக்குதான். கெட்டிக் கரைசல்லயும் சுவர் அஞ்சு மைக்ரோகிராம்தான் தின்னும், ஆனா ஆயிரக்கணக்குல இருக்கறதுல அஞ்சு போனா யாருக்கு வலிக்கும்? நீர்த்ததுல பத்துல அஞ்சு போனா பாதி போச்சு. ஒட்டாத வகைக் குழாய் வாங்கு. தேவையான அளவு சின்னச் சின்னக் குழாயாப் பிரிச்சு வச்சு ஒண்ணொண்ணா எடு. ஒரே குழாயை உறைய வச்சு, உருக்கி, திரும்ப உறைய வச்சா சரம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். இன்சுலினும் பெப்டைடுதான், அதை சலைன் பாட்டில்ல கலந்து ஏத்தும்போது முதல்ல கொஞ்சத்தைக் குழாய் வழியா வெளிய விட்டுட்டு அப்புறம் நோயாளிக்குப் போடறதைப் பாத்திருப்பீங்க. பிளாஸ்டிக் குழாய் குடிக்கறதை முதல்லயே குடிச்சு முடிக்கட்டும்னுதான். (சூடும் அதுக்கு ஆகாது. புதுச்சேரி ஜிப்மர்ல சோதிச்சு 2009ல எழுதினாங்க: 32, 37 டிகிரில நாலு வாரம் இருந்த இன்சுலின் பத்து சதவீதத்துக்கு மேல வீரியம் இழந்துடுச்சு. 32 டிகிரின்னா நம்ம ஊர்ல குளுமையான மத்தியானம்!)

இந்தப் பாடத்துல நம்ம சென்னைக்குன்னே ஸ்பெஷலா ஒரு அத்தியாயம் உண்டு. ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த குப்பியை உடனே திறக்கவே கூடாது. பெட்டிக்கடைல சில்லுனு ஒரு சோடா வாங்கினா பாட்டில் மேல முத்து முத்தா வேர்க்குமே, அதே ஈரம் குப்பிக்கு உள்ளேயும் இறங்கிடும். பொடி ஈரம் குடிச்சா எடை தப்பா வரும், சரமும் மெல்ல அறுந்து கெடும். மூடியோட வெளியே வச்சு அறைச் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம்தான் திறக்கணும். லண்டன் குளிருல உக்காந்திருக்கறவனுக்கு இதுல கொஞ்சம் அசட்டை ஓடலாம். அக்டோபர் மாசம் அம்பத்தூர் எஸ்டேட்ல இருக்கறவனுக்கு ஓடாது. கரண்ட் கட்டும் கணக்குல சேத்தி. ஃப்ரீசர் கதவை மூடியே வச்சா ரொம்ப நேரம் தாங்கும், "உருகிடுச்சா"ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாக்கறதுதான் உருக்கும்.

கொசுறு: அந்த ட்வீன் 80 எங்கயோ கோபன்ஹேகன் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. கொழுப்பும் தண்ணியும் பிரியாம இருக்கறதுக்கு ஐஸ்கிரீம்லயும் அதைச் சேர்க்கறது உண்டு. அடுத்த தடவை டப்பா வாங்கினா பின்பக்கம் பொடி எழுத்தைப் படிச்சுப் பாருங்க. 433னு ஒரு நம்பர் இருந்தா அது இவருதான்.